பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு: சீவினால் போதுமா, தூக்கித்தான் எறிய வேண்டுமா?

மாடித்தோட்டத்துக்காரி (கோவை)
போன மாதம் மேட்டுப்பாளையம் வழியாக வரும்போது விலை மலிவாக இருக்கிறதே என்று பத்து கிலோ உருளைக்கிழங்கு வாங்கி வந்தோம். மூட்டையைப் பிரித்து, காற்றாடட்டும் என்று சமையலறை ஜன்னலோரம் மூங்கில் கூடையில் கொட்டிவைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று. இப்போது மேலே கிடப்பவற்றில் பாதி பச்சையாக இருக்கின்றன. நகத்தால் சுரண்டினால் தோலுக்கு அடியிலும் வெளிர்பச்சை ஓடுகிறது. சிலவற்றில் கண்கள் விழித்து முளை எட்டிப்பார்க்கிறது. இரண்டில் மட்டும் ஊதா நிறத்தில் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்தே விட்டது.

மாமியார், "தோலைக் கனமாகச் சீவிவிட்டு இரண்டு விசில் கூட விடு, எல்லாம் செத்துப்போகும்" என்கிறார். கணவரோ மொத்தக் கூடையையும் குப்பையில் கொட்டச் சொல்கிறார். இதற்கிடையில் முந்தாநாள் நான்கைந்து கிழங்கைச் சீவி, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு வறுவல் செய்தேன். ஆறு வயதுப் பையன் சாப்பிடும்போதே தொண்டை எரிகிறது என்றான். காரம்தான் என்று மோர் கொடுத்தேன். இரவில் ஒருமுறை வாந்தி எடுத்தான். காலையில் வழக்கம்போலப் பள்ளிக்குப் போய்விட்டான்.

கிழங்குதான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சோறு
அம்மா, ஐம்பது வருடமாக அடுப்படியில் நிற்கிறவன் சொல்கிறேன். கல்யாணப் பந்திக்கு மூட்டை மூட்டையாகக் கிழங்கு வரும். அதில் பச்சையும் இருக்கும், முளையும் இருக்கும். சீவிப் போடுவோம். ஒருவரும் செத்ததில்லை. இந்தக் காலத்தில் எதைத் தொட்டாலும் விஷம் என்கிறார்கள். பிள்ளைக்கு அன்று வேறு ஏதாவது சேராமல் போயிருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
நான் மருத்துவன் அல்லன். முப்பது வருடம் தாவரவியல் கற்பித்தவன். பையன் வாந்திக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் "தொண்டை எரிகிறது" என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பச்சை வேறு, நஞ்சு வேறு. கிழங்கில் தெரியும் பச்சை வெறும் பச்சையம். கீரையில் இருப்பதுதான், ஒரு தீங்கும் இல்லை. உருளைக்கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் படுத்திருக்கும் தண்டு. வெளிச்சம் பட்டவுடன் தான் தண்டு என்பது அதற்கு நினைவு வந்துவிடுகிறது, பச்சையம் தயாரிக்க ஆரம்பிக்கிறது. அதே வெளிச்சம் இன்னொரு வேலையையும் முடுக்கிவிடுகிறது. ஆல்ஃபா சோலனின், ஆல்ஃபா சாக்கோனின் என்ற இரண்டு கசப்புப் பொருள்கள் தோலை ஒட்டிய பகுதியில் சேர ஆரம்பிக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்துக் கிளைக்கோ ஆல்கலாய்டு என்று பெயர். கோவைக்காரருக்குச் சொல்வதென்றால், ஒரே சங்குச் சத்தத்தில் இரண்டு ஆலைகள் வேலையைத் தொடங்குகின்றன. ஒன்றின் சரக்கு மற்றொன்றில் கிடையாது.

அதனால் பச்சையாக இருந்தும் நஞ்சு குறைவாக இருக்கும் கிழங்கு உண்டு. பச்சையே இல்லாமல் நஞ்சு ஏறிய கிழங்கும் உண்டு. கீழே விழுந்து அடிபட்டது, மண்வெட்டி வெட்டியது, இருட்டிலேயே முளைவிட்டது எல்லாம் அந்த வகை. சிவப்புத் தோல் ரகங்களில் பச்சை கண்ணுக்கே தெரியாது.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகச் செய்கிறது. ஆனால் அளவு கூடினால் நம்மையும் விடாது. குடல் செல்களின் சவ்வில் உள்ள கொலஸ்ட்ராலைப் பற்றிக்கொண்டு சவ்வை ஓட்டையாக்கும்; அதனால்தான் வயிற்றுவலி, வாந்தி, பேதி. நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் ஒரு நொதியையும் தடுக்கும். அளவு மிகும்போது தலைவலி, மயக்கம், குழப்பம் எல்லாம் வருவது அதனால்.

பழைய சோறு
வாத்தியார் ஐயா, பாடம் நன்றாக இருக்கிறது. குக்கரில் வேகவைத்தால் போகுமா போகாதா, அதைச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்தான்
போகாது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். வறுக்கும் எண்ணெய் 170, 180. சோலனின் சிதைய இருநூறைத் தாண்டி நன்றாக மேலே போக வேண்டும். இரண்டு விசில் அல்ல, இருபது விசில் விட்டாலும் கிழங்கு குழையும், சோலனின் குழையாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் அதோடு போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வெளியிட்ட அறிக்கையில், தோல் சீவினால் 25 முதல் 75 சதவீதம் வரை குறையும் என்றும், வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் 5 முதல் 65 வரை என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீச்சு எவ்வளவு அகலம் பாருங்கள். ஐந்து சதவீதத்தை நம்பிப் பிள்ளைக்கு ஊட்ட முடியாது.

எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம். சாதாரணமான நல்ல கிழங்கின் உள்சதையில் கிலோவுக்கு 12 முதல் 50 மில்லிகிராம். தோலில் 300 முதல் 600. முளையில் 2,000 முதல் 4,000 வரை. பூவில் அதற்கும் மேல். முழுக்கிழங்கில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது பல நாடுகள் வெகுகாலமாக வைத்திருக்கும் எல்லை.

இனி உங்கள் பையனுக்குக் கணக்குப் போடுவோம். அதே ஐரோப்பிய அறிக்கை, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவிலேயே வயிற்றுத் தொந்தரவு தொடங்கலாம் என்கிறது. ஆறு வயதுப் பிள்ளை இருபது கிலோ என்று வைத்துக்கொண்டால் 20 மில்லிகிராம். கிழங்கு அந்த 200 எல்லையிலேயே நிற்கிறது என்றால், 100 கிராம் சாப்பிட்டால் போதும். ஒரு நடுத்தரக் கிழங்கு! அறுபது கிலோ எடையுள்ள உங்கள் மாமியார் அதே வறுவலை அதே அளவு சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னால் அதுவும் உண்மைதான்.

மாடித்தோட்டத்துக்காரி
அப்படியே அதைத்தான் சொன்னார்!

நான் சீவியது உண்மைதான், ஆனால் வழக்கமான சீவுளியால் மெல்லிசாகச் சீவினேன். பச்சை உள்ளே கொஞ்சம் நின்றது. முளையைக் கையால் ஒடித்துப் போட்டேன், குழியைத் தோண்டவில்லை.

ஆய்வுக்கூடத்தான்
அங்கேதான் கோட்டை விட்டீர்கள். முளை கிளம்பும் கண்ணைச் சுற்றித்தான் அதிகம் சேரும். கத்தி முனையால் குழி தெரியத் தோண்டியெடுக்க வேண்டும். பச்சை ஒரு மூலையில் மட்டும் என்றால், அதைத் தாண்டி வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டித் தள்ளிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கிழங்கு முழுக்கப் பச்சை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

வற்றல்குழம்பு (கும்பகோணம்)
எனக்கு ஒரு சந்தேகம். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கும், தொண்டையைக் காறும். புளித்தண்ணீரில் வேகவைத்தால் போய்விடுகிறது. உருளைக்கும் அதே வைத்தியம் ஆகாதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்
நல்ல கேள்வி அம்மா. கருணையின் காறல் வேறு சாதி. அங்கே இருப்பது கால்சியம் ஆக்சலேட், ஊசி ஊசியான படிகங்கள். நாக்கில் குத்துகின்றன. புளியும் நல்ல வேக்காடும் அதற்குக் கைகண்ட வைத்தியம். சோலனின் ஊசி அல்ல, கரைந்து செல்லுக்குள் புகும் பொருள். புளி ஊற்றினால் சோலனின் அப்படியே இருக்கும், அதன் கசப்பு மட்டும் மறைந்துவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

தொண்டை எரிச்சல் பற்றிச் சுருக்கென்றது என்று சொன்னேன் அல்லவா? கிழங்கில் இந்தப் பொருள்கள் கிலோவுக்கு 140 மில்லிகிராம் அளவுக்கு ஏறும்போதே நாக்குக்குக் கசப்பு தெரிய ஆரம்பிக்கிறது. இன்னும் கூடினால் தொண்டையின் அடியில் ஓர் எரிச்சல். வெறுமனே வேகவைத்து உப்புப் போட்டுச் சாப்பிடுகிற நாட்டில், முதல் கவளத்திலேயே முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளிவிடுவார்கள். நம் வீட்டில் என்ன செய்கிறோம்? மிளகாய்த்தூள், சோம்பு, பூண்டு, கறிவேப்பிலை. கசப்பு முழுகிப்போகிறது, எரிச்சல் காரத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. இத்தனைக்கும் மிளகாயும் உருளையும் ஒரே கத்தரிக் குடும்பம். தம்பி செய்த வேலைக்கு அண்ணன் பழியை ஏற்கிறான்.

அதனால் என் வீட்டில் ஒரு பழக்கம். சந்தேகமான கிழங்கை வேகவைத்ததும், மசாலாவில் போடுவதற்கு முன்னால், ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கசந்தால் துப்பிவிட்டு அந்தக் கிழங்கைத் தள்ளிவிடுவேன். மண்டியில் பார்க்கும் கண்ணைவிட இந்த நாக்கு நம்பகமானது.

கோத்தகிரிக் கிழங்கு
விவசாயி பக்கத்தையும் கேளுங்கள். கிழங்கு பச்சையாவது பாதி நேரம் எங்கள் தோட்டத்திலேயே நடக்கிறது. செடி ஒரு ஜாண் உயரம் வந்ததும் இரண்டு பக்கமும் மண்ணை இழுத்து அணைத்துவிடுவோம், பிறகு இன்னொரு தடவை. கிழங்கு மேல்நோக்கித் திரளும். மண் அணைப்பு சரியாக இல்லையென்றாலோ, பெரிய மழை வந்து பாத்தி கரைந்துவிட்டாலோ, கிழங்கின் தலை வெளியே தெரியும். ஒரு பக்கம் பச்சைத் தொப்பி போட்டதுபோல இருக்கும். அதைத் தரம் பிரிக்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும். ஆள் கூலி கொடுக்க முடியாத வருடங்களில் ஒதுக்காமலும் போகிறது. ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் கூடையில் மேலே இருந்தவை மட்டும் பச்சை என்கிறீர்கள். அது எங்கள் பிழை இல்லை அக்கா, உங்கள் ஜன்னல். எங்கள் ஊர்க் கிழங்கு மண்ணோடு சாக்கில் வரும். "அழுக்காக இருக்கிறது" என்று நகரத்தில் முகம் சுளிக்கிறார்கள். கழுவிப் பளபளவென்று கண்ணாடிக் கடையில் ட்யூப் லைட்டுக்குக் கீழே அடுக்கியதைத்தான் கேட்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பச்சை தொடங்கிவிடும். மண் ஒட்டிய கிழங்குக்குப் பாதி போர்வை அந்த மண்ணே.

பழைய சோறு
விவசாயி தம்பி சொல்வது சரி. சாக்கிலேயே கட்டிவைத்தால் கெடாது. ஆனாலும் ஆட்கள் சாவது எங்கே என்று யாராவது காட்டுங்கள் பார்ப்போம்.

லூயிஷம் வாசி (லண்டன்)
அண்ணை, நான் யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது இருப்பது தென் லண்டனில் லூயிஷம். எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் வாழ்கிற இடம். உங்கள் கேள்விக்குப் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 78 மாணவர்கள் நோயில் விழுந்தார்கள். அதைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1979இல் வெளிவந்தது. 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. வாந்தி, பேதி, காய்ச்சல். சிலருக்குப் பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது. விசாரித்துப் பார்த்தபோது அகப்பட்டது ஒரே ஒரு கிழங்கு மூட்டை. கோடை விடுமுறைக்கு முந்தைய பருவத்தில் மீந்து, விடுமுறை முழுக்கக் கிடந்து, பள்ளி திறந்ததும் சமையலுக்குப் போய்விட்டது. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

பிழைக்காதவர்களும் உண்டு. 1918இல் கிளாஸ்கோவில் 18 வீடுகளில் 61 பேர் இப்படி நோயுற்றார்கள், ஒரு சிறு பையன் இறந்துபோனான்.

மற்றது, எங்கள் ஊரில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டால் அன்று இஞ்சி தொடக் கூடாது என்று அம்மம்மா சொல்லுவா. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டோ?

நெறியாளர்
மரவள்ளி கத்தரிக் குடும்பம் இல்லை, அதன் நஞ்சும் சயனைடு சார்ந்த வேறு கதை. இஞ்சி விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே உருளையோடு நிற்போம்.

பழைய சோறு
லண்டன் தம்பி, 1918ஐயும் 1979ஐயும் காட்டுகிறீர்கள். அத்தனை கோடிப் பேர் தினமும் தின்கிற பண்டத்துக்கு இவ்வளவுதானா கணக்கு?

ஆய்வுக்கூடத்தான்
உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது ஐயா. கடுமையான நஞ்சேற்றம் உண்மையிலேயே அபூர்வம். அதை நான் மறுக்கவில்லை. காரணம், கசப்பை நாக்கு தடுக்கிறது, வாந்தி உள்ளே போனதில் பாதியை வெளியே தள்ளுகிறது, நல்ல ரகங்களில் அளவு குறைவு.

ஆனால் லேசானது எத்தனை என்று யாருக்குக் கணக்கு? கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் வயிறு கலங்கினால் "எண்ணெய் சரியில்லை", "தண்ணீர் மாற்றம்", "வாயு" என்போம். நீங்கள் பந்தி முடிந்து பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பீர்கள். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடிக்கிற சங்கதி இது. உங்கள் காதுக்கு எப்படி வரும்?

பழைய சோறு
சரி, அது நியாயமான பேச்சு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுபடியும் சொல்கிறேன், கூடையோடு குப்பையில் கொட்டுவது பாவம்.

வறுவல் வியாபாரி
எங்கள் தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்க வேண்டிய ஒரு கதை, பலருக்குத் தெரியாது. லெனாபே என்று ஒரு ரகம். அமெரிக்க வேளாண் துறையும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் ஒரு சிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 1967இல் வெளியிட்டார்கள். சிப்ஸுக்கு என்ன வேண்டும்? உலர்பொருள் அதிகம், சர்க்கரை குறைவு. அப்போதுதான் கருகாமல் பொன்னிறமாக வரும். லெனாபேயில் அது அச்சாக அமைந்தது. ஆனால் அதன் வம்சாவளியில் சொலானம் சாக்கோயன்ஸ் என்ற தென் அமெரிக்கக் காட்டு உருளை ஒன்று இருந்தது.

கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜிட்னாக், ஜான்ஸ்டன் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். கிளைக்கோ ஆல்கலாய்டு வழக்கமான ரகங்களைப்போலப் பல மடங்கு. 200 எல்லையைத் தாண்டி நின்றது. 1970இல் ரகம் திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்கும் வெளிச்சமும் படவில்லை, பச்சையும் இல்லை. பிறவியிலேயே அப்படி.

வேடிக்கை என்னவென்றால் லெனாபே ஒழிந்துபோகவில்லை. அதை மறுபடி நல்ல ரகத்தோடு கலந்து, நஞ்சைக் கழித்துக் குணத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அப்படி வந்த அட்லாண்டிக் ரகத்தை இந்தியாவிலும் சிப்ஸுக்காகப் பயிரிடுகிறார்கள். நீங்கள் கொறிக்கிற சிப்ஸில் அந்தப் பாட்டியின் சாயல் இருக்கலாம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
அருமையான இடத்தைத் தொட்டீர்கள். ஸ்வீடனில் மேக்னம் போனம் என்ற பழம்பெரும் ரகத்துக்கும் 1986இல் இந்த அவமானம் நேர்ந்தது. குளிரும் மழையுமான கோடை, அளவு ஏறிவிட்டது, விற்பனையை நிறுத்தினார்கள். ரகம் அதேதான், தட்பவெப்பம் மாறியது.

காட்டு உருளை என்றதும் ஆண்டிஸ் மலைக்காரர்கள் நினைவு வருகிறது. டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய உயரங்களில், உறைபனி தாங்கும் கசப்பு உருளைகளைத்தான் பயிரிட முடியும். அவற்றை அப்படியே சாப்பிட்டால் வயிறு போய்விடும். அவர்கள் கண்ட வழி: கிழங்கை இரவு உறைபனியில் பரப்புவார்கள், காலையில் வெயில் பட்டு இளகியதும் காலால் மிதித்துச் சாற்றைப் பிழிவார்கள், ஓடும் நீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டுப் பிறகு காயவைப்பார்கள். சூன்யோ என்ற அந்த வற்றல் வருடக்கணக்கில் கெடாது. இன்னொரு வழி அதைவிட வியப்பு. அய்மாரா மக்கள் கசப்புக் கிழங்கை ஒருவகைக் களிமண் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். களிமண் அந்த ஆல்கலாய்டுகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடம் கிடையாது, எல்லை அளவு கிடையாது. நாக்கும் வயிறும் சொன்னதைக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வற்றல்குழம்பு
வற்றல் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் மணத்தக்காளி வற்றல்குழம்பு. அந்தச் செடியை வெளிநாட்டு இணையதளங்களில் நச்சுச்செடி என்று எழுதியிருக்கிறார்களாமே? மகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்து "அம்மா, அதைத் தொடாதே" என்கிறாள். வாய்ப்புண்ணுக்குப் பாட்டி காலத்திலிருந்து அந்தக் கீரைதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
மகள் பயந்ததில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மணத்தக்காளிக்கும், பெலடோனா என்ற ஐரோப்பியக் கொடுநஞ்சுச் செடிக்கும் ஏறத்தாழ ஒரே பெயர், முன்னால் அடைமொழிதான் மாறும். பெலடோனாவில் இருப்பது அட்ரோபின். நம் ஊமத்தையின் வகையறா. கனி தனித்தனியாக, செர்ரி அளவில், கீழே விரிந்த ஐந்து புல்லிகளோடு இருக்கும். மணத்தக்காளி மிளகு அளவில் கொத்தாகத் தொங்கும். நம் சமவெளியில் பெலடோனா காடாக முளைப்பதில்லை. கொல்லையில் பறித்ததைக் கண்டு நடுங்க வேண்டாம்.

ஆனால் மணத்தக்காளி முழுச் சாதுவும் அல்ல. சோலனினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே இந்தச் செடியின் கனியிலிருந்துதான். 1820இல் தெஃபோஸ் என்ற பிரெஞ்சு மருந்தாளர் பிரித்தார். உருளைக்கிழங்கில் அது இருப்பது பிறகுதான் தெரிந்தது. பழுத்த கனியில் குறைவு, பச்சைக் காயில் அதிகம். நாம் வற்றல் போடுவது பச்சைக் காயைத்தான்! மோரில் உப்போடு ஊறி, வெயிலில் காய்ந்து, வறுபட்டு, ஒரு கைப்பிடி ஒரு குடும்பத்தின் குழம்பில் விழுகிறது. ஆளுக்கு எத்தனை காய் வரும்? அந்தச் சிற்றளவுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. மோர் மந்திரம் போட்டுவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் செடியிலிருந்து பச்சைக் காயைப் பறித்து வாய் நிறையத் தின்ன விடாதீர்கள். கறுத்துப் பழுத்ததைத் தின்னட்டும், நானும் தின்றுதான் வளர்ந்தேன்.

மூட்டுவலிக்காரர்
எனக்குத் தக்காளி, கத்தரி, உருளை, மிளகாய் நான்கையும் நிறுத்தினால் மூட்டுவலி போய்விடும் என்று ஒருவர் சொன்னார். நான்கையும் நிறுத்தினால் பிறகு என்னதான் சாப்பிடுவது?

ஆய்வுக்கூடத்தான்
நார்மன் சில்டர்ஸ் என்ற அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் தன் வலியை வைத்து இந்தக் கருத்தைப் பரப்பினார். உறுதியான மருத்துவச் சான்று இன்றுவரை இல்லை. உங்களுக்குச் சந்தேகம் என்றால் மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். வலி மாறாவிட்டால் நிம்மதியாகச் சாம்பார் வையுங்கள். வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கத்தரிக்காயில் நிகோட்டின் இருக்கிறது என்று அடுத்து யாராவது வருவார்கள், அதையும் இப்போதே முடித்துவிடுகிறேன். இருக்கிறது. கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் அளவில். ஒரு சிகரெட் தரும் நிகோட்டினுக்கு ஈடாகப் பத்து கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். முடிந்தவர்கள் முயலலாம்.

மாடித்தோட்டத்துக்காரி
பச்சைத் தக்காளித் தொக்கு செய்கிறேனே, அது?

ஓய்வுபெற்ற வாத்தியார்
அதில் இருப்பது தொமாட்டின். பழுக்கப் பழுக்கக் காணாமல் போய்விடும். பச்சையில் கணிசமாக உண்டு, ஆனால் சோலனின் அளவுக்கு உடம்பில் ஏறுவதில்லை. குடலில் கொலஸ்ட்ராலோடு சேர்ந்து பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. முதிர்ந்த பச்சைக் காயில் தொக்குச் செய்து தொட்டுக்கொள்ளுங்கள். கோலிக்குண்டு அளவுப் பிஞ்சு வேண்டாம். இலை வேண்டவே வேண்டாம்.

இலை என்றதும் இன்னொன்று. உருளைச் செடியின் தழையைக் கீரையாக வதக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. மாட்டுக்கும் போடாதீர்கள்.

கோத்தகிரிக் கிழங்கு
மாடு அதற்கே புத்தியோடு ஒதுங்கிப் போகும், பசி கொடுமையாக இருந்தால் தவிர.

புது அம்மா
ஏழாவது மாதம் நடக்கிறது. கர்ப்பிணிகள் உருளையே தொடக் கூடாது, குழந்தையின் முதுகெலும்பு பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பயமாக இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தான்
பயப்படாதீர்கள் அம்மா. 1972இல் ரென்விக் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், கருகல் நோய் கண்ட உருளைக்கும் அந்தக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு ஊகத்தை வெளியிட்டார். பிறகு சோதித்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து அதன் ஆவி உங்கள் வாட்ஸ்அப்பில் உலாவுகிறது. அந்தக் குறைபாட்டைத் தடுப்பதில் நிரூபணமானது ஃபோலிக் அமிலம்தான். அதை மருத்துவர் கருத்தரிப்பதற்கு முன்பும் முதல் மாதங்களிலும் கொடுப்பது அதற்காகவே. நல்ல உருளையைத் தோல் சீவி மனம்போலச் சாப்பிடுங்கள். பச்சையானதை மட்டும் தள்ளுங்கள், எல்லோரையும்போல.

மாடித்தோட்டத்துக்காரி
எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். காலையில் கூடையைத் தரையில் கவிழ்த்துப் பிரித்தேன். மாமியாரும் கூட உட்கார்ந்தார். முழுக்கப் பச்சை பதினொன்று, தனியாகப் போட்டோம். ஒரு மூலை மட்டும் பச்சை ஒன்பது. வெள்ளை தெரியும்வரை வெட்டினேன், வெட்டிய பிறகு பாதிக் கிழங்குதான் மிஞ்சியது. அடியில் கிடந்தவை பழுதில்லை. அவற்றைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்துவிட்டேன், வெங்காயத்தை விட்டுத் தள்ளி.

வாத்தியார் ஐயா சொன்னபடி, முழுப்பச்சையில் ஒன்றைச் சோதனைக்காக வேகவைத்து, தோலை ஒட்டிய இடத்தில் பயறு அளவு எடுத்து நாக்கில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. மூன்று நான்கு நொடி கழித்து வேப்பங்கொழுந்து மாதிரி ஒரு கசப்பு, பிறகு தொண்டையில் ஓர் எரிச்சல். துப்பிக் கொப்பளித்தும் கொஞ்ச நேரம் போகவில்லை. மாமியாரிடம் நீட்டினேன், அவரும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பதினொன்றையும் எடுத்து வாளியில் போட்டார். இரவு பையனிடம், "அன்றைக்கு எரிந்தது காரம் இல்லடா கண்ணா" என்றார்.

முளைவிட்டவற்றில் மூன்றை மட்டும் மாடியில் பழைய அரிசிச் சாக்கில் மண் போட்டு நட்டிருக்கிறேன். கோத்தகிரித் தம்பி, வருமா?

கோத்தகிரிக் கிழங்கு
செடி வரும் அக்கா. கோவை வெயிலில் கிழங்கு திரளுமா என்பது சந்தேகம். இரவு குளிர வேண்டும் அதற்கு. கார்த்திகை, மார்கழியில் நட்டிருந்தால் கொஞ்சம் நம்பலாம். சாக்கை முழுக்க நிரப்பாதீர்கள், பாதி மண்ணில் தொடங்கி, செடி ஏற ஏற மண் போட்டுக்கொண்டே வாருங்கள். அதுதான் மாடிக்கு மண் அணைப்பு.

இன்னொன்று. பூ உதிர்ந்த பிறகு சில நேரம் செடியில் குட்டிப் பச்சைத் தக்காளி மாதிரி காய் பிடிக்கும். அச்சு அசல் தக்காளிதான், பார்த்தால் யாருக்கும் பறிக்கத் தோன்றும். கண்டவுடன் கிள்ளிப் போட்டுவிடுங்கள். பையன் மாடிக்கு வருவதற்கு முன்னால்.